எந்தக் குழந்தைக்கு எந்தப் புத்தகம்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

சிறுவர் நூல்களைத் தேர்ந்தெடுப்பது பற்றி வாசகர்கள் எழுதியிருந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் அளிக்கிறேன். பல கடிதங்களில் குழந்தைகளின் படிப்புத் திறனும் குடும்பச் சூழலும் விரிவாகக் குறிப்பிடப்பட்டிருப்பதால், பெயர்களைத் தவிர்த்து ஊர்களை மட்டும் வெளியிடுகிறோம்.

கேள்வி (விருதுநகர்): எங்கள் மகளுக்கு ஒன்பது வயது. புத்தகக் காட்சியில் ‘9 முதல் 11 வயது வரை’ என்று அச்சிட்டிருந்த நான்கு புத்தகங்களை வாங்கி வந்தோம். எதிலும் அவள் இரண்டு பக்கத்தைத் தாண்டவில்லை. இன்னும் எழுத்துக் கூட்டித்தான் படிக்கிறாள். சிறு பிள்ளைகளுக்கான படப் புத்தகத்தைக் கொடுத்தால், ‘இது பாப்பா புத்தகம்’ என்று தள்ளிவிடுகிறாள். எதைக் கொடுப்பது?

பதில்: அட்டையில் அச்சிடப்படும் வயது வரம்பு, கடையில் நூல்களை அடுக்குவதற்கும், யாருக்கோ பரிசு வாங்க வந்தவர் விரைவில் முடிவெடுப்பதற்கும் உதவுகிற ஒரு குறிப்பு மட்டுமே. குழந்தைக்குப் புத்தகம் தேடும்போது மூன்றைத் தனித்தனியே பார்க்க வேண்டியிருக்கிறது. எவ்வளவு நீளமான வாக்கியத்தை அவளால் தடுமாறாமல் படிக்க முடிகிறது என்பது ஒன்று. எவ்வளவு துக்கத்தையும் அச்சத்தையும் சிக்கலையும் அவள் மனம் ஏற்கும் என்பது இரண்டாவது. எதை அறிந்துகொள்ள அவளுக்கு ஆசை என்பது மூன்றாவது. இம்மூன்றும் ஒரே வயதில் வந்து நிற்பது அரிது. எழுத்தைப் படிப்பதில் உங்கள் மகள் இரண்டாம் வகுப்புப் பிள்ளையின் நிலையில் இருக்கலாம்; ஆனால் மனிதர்களையும் நிகழ்ச்சிகளையும் புரிந்துகொள்வதில் அவள் ஒன்பது வயதுச் சிறுமியேதான். படப் புத்தகத்தை அவள் தள்ளிவிடுவது தன்மானத்தால். அதை மதிக்க வேண்டும். எனவே, ஒன்பது வயதுக்குரிய கதை ஏழு வயதுக்குரிய வாக்கியங்களில் எழுதப்பட்டிருக்கும் நூலையே நீங்கள் தேட வேண்டும்.

அப்படிப்பட்ட நூல்கள் தமிழில் இருக்கின்றன. பள்ளிக்கல்வித் துறை தனது வாசிப்பு இயக்கத்துக்காக வெளியிட்ட சிறு நூல்களை ‘நுழை, நட, ஓடு, பற’ என்று நான்கு படிநிலைகளாகப் பிரித்திருக்கிறது. வயதை விட்டுவிட்டு வாசிப்புத் திறனை அளவுகோலாகக் கொண்ட இந்த ஏற்பாடு மிகச் சரியானது என்பது என் கருத்து. பிரதம் புக்ஸ் நிறுவனமும் தன் நூல்களை நான்கு நிலைகளாக வகுத்து அட்டையிலேயே குறிப்பிடுகிறது. அவற்றில் இரண்டாம் நிலை நூல்களிலிருந்து உங்கள் மகள் தொடங்கலாம். பெயர் ‘இரண்டாம் நிலை’ என்றிருப்பதைப் பெரிதாக்கிப் பேசாமல், பத்துப் பன்னிரண்டு நூல்களை அவள்முன் பரப்பி வைத்து, அவளே எடுக்கும்படி விடுங்கள்.

தமிழில் வாசிக்கத் தொடங்கும் குழந்தைக்கு மற்றொரு தடையும் உண்டு. பெற்றோர் பலர் அதைக் கவனிப்பதில்லை. வீட்டில் கேட்டும் பேசியும் பழகிய தமிழுக்கும் அச்சில் காணும் தமிழுக்கும் இடையே உள்ள தொலைவு பெரிது. ‘வந்துக்கிட்டிருந்தான்’ என்று நாள்தோறும் சொல்லும் குழந்தை, ‘வந்துகொண்டிருந்தவனைப் பார்த்ததும்’ என்ற தொடரை எழுத்தெழுத்தாகக் கூட்டி முடிப்பதற்குள் அதன் தொடக்கத்தை மறந்துவிடுகிறாள். ஆகவே கடையில் புத்தகத்தைப் புரட்டும்போது கதை எதைப் பற்றியது என்று பார்ப்பதற்கு முன், பக்கத்தைப் பாருங்கள். சொற்கள் பிரித்து அச்சிடப்பட்டிருக்கின்றனவா, வரிகளுக்கிடையே போதிய இடைவெளி இருக்கிறதா, உரையாடல் பேச்சுத் தமிழில் இருக்கிறதா என்று கவனியுங்கள். உரையாடல் மிகுந்த கதை, தடுமாறும் குழந்தைக்குப் பெரிய துணை. ஏனெனில் அடுத்து வரப்போகும் சொல்லை அவள் காது முன்கூட்டியே ஊகித்துவிடும்.

பொருத்தத்தைச் சோதிக்க ஆசிரியர்கள் பயன்படுத்தும் எளிய முறை ஒன்று இருக்கிறது. நடுவில் ஏதேனும் ஒரு பக்கத்தைத் திறந்து அவளைப் படிக்கச் சொல்லுங்கள். படிக்க முடியாத அல்லது பொருள் தெரியாத சொல்லுக்கு ஒரு விரலாக மடக்கட்டும். பக்கம் முடிவதற்குள் ஐந்து விரல்களும் மடங்கிவிட்டால், அதை இப்போதைக்கு நீங்கள் படித்துக் காட்டுவதே நல்லது. நீங்கள் வாங்கிய நான்கு புத்தகங்களும் அப்படித்தான் பயன்படப் போகின்றன. இரவில் நீங்கள் ஒரு பக்கம் படியுங்கள், அவள் ஒரு பத்தி படிக்கட்டும். அவள் திணறும்போது சொல்லை எடுத்துக் கொடுத்துவிட்டு மேலே செல்லுங்கள், அந்த இடத்தில் நிறுத்திப் பாடம் நடத்த வேண்டாம். பல மாதங்கள் இப்படிப் படித்தும் எழுத்துகளை மாற்றிப் படிப்பதோ வரி தவறுவதோ குறையவில்லை என்றால், கற்றல் குறைபாடு இருக்கிறதா என்பதைச் சிறப்புக் கல்வியாளரிடம் காட்டி அறிந்துகொள்ளுங்கள். அதைத் தள்ளிப்போடுவது குழந்தையைத்தான் வருத்தும்.

கேள்வி (திண்டுக்கல்): மூன்று வயது மகனுக்கு இப்போதே புத்தகம் வாங்கலாமா? கையில் கிடைத்ததைக் கிழித்துவிடுகிறான்.

பதில்: வாங்கலாம். கிழிப்பது புத்தகத்தைக் கையாளத் தெரியாத பருவத்தின் இயல்பு. தடித்த அட்டைப் பக்கங்கள் கொண்ட நூல்கள் இரண்டு மூன்று அவன் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். மற்றவற்றை நீங்கள் மடியில் வைத்துப் படித்துக் காட்டுங்கள். பக்கத்துக்கு ஒன்றிரண்டு வரிகளும், அவன் அன்றாடம் காணும் நாய், ஆடு, பேருந்து, மழை, தோசை போன்றவற்றின் தெளிவான படங்களும் போதும். இந்த வயதில் பாட்டுக்கு ஈடான நூல் இல்லை என்றே சொல்வேன். கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையும் அழ. வள்ளியப்பாவும் எழுதிய பாடல்களில், சொல் தானாகவே நாவில் வந்து உட்காரும் ஓசை ஒழுங்கு இருக்கிறது. பொருள் முழுவதும் புரியாவிட்டாலும் அந்த ஒழுங்கு பின்னாளில் அச்சைப் படிக்கும்போது துணை நிற்கும். ஒரே புத்தகத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டால் சலிக்காமல் படியுங்கள். அடுத்த வரியை அவன் உங்களுக்கு முன்பே சொல்லிவிடும் நாள் வரும். வாசிப்பு அங்கேதான் தொடங்குகிறது.

கேள்வி (ஈரோடு): பதினொரு வயது மகன் கதைப் புத்தகத்தைத் தொடுவதே இல்லை. காமிக்ஸ், கிரிக்கெட் செய்திகள், பாம்புகளையும் பறவைகளையும் பற்றிய படங்கள் நிறைந்த நூல்கள் ஆகியவற்றை மட்டுமே பார்க்கிறான். நல்ல இலக்கியத்துக்கு அவனை எப்படிக் கொண்டுவருவது?

பதில்: உங்கள் மகன் ஏற்கெனவே வாசகன். கதையைப் படிப்பவனே வாசகன் என்ற எண்ணம் நம்மிடையே ஆழமாகப் பதிந்திருப்பதால், செய்தியைத் தேடிப் படிக்கும் குழந்தைகளை, குறிப்பாகச் சிறுவர்களை, ‘படிக்காதவர்கள்’ என்று கணக்கிட்டுவிடுகிறோம். கிரிக்கெட் வீரரின் ஆட்டச் சராசரியைப் பத்தாண்டு வாரியாக ஒப்பிடத் தெரிந்த சிறுவனுக்கு, அட்டவணையும் குறிப்பும் நிறைந்த பக்கத்தை ஊன்றிப் படிக்கும் பொறுமை இருக்கிறது. அந்தப் பொறுமைக்கு மதிப்புக் கொடுத்தே அடுத்த நூலைத் தேட வேண்டும்.

காமிக்ஸைப் பற்றியும் ஒரு சொல். 1972ஆம் ஆண்டு சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ், இரும்புக்கை மாயாவியின் சாகசத்தோடு வெளிவரத் தொடங்கியபோது அதை வாங்கப் பிள்ளைகள் காசு சேர்த்தார்கள். பெரியவர்களோ பாடப் புத்தகத்துக்குள் அது ஒளிந்திருக்கிறதா என்று தேடினார்கள். அன்று படித்தவர்களில் பலர் இன்றும் பழைய இதழ்களைத் தேடி வாங்குவதைப் பார்க்கிறோம். படத்துக்கும் சொல்லுக்கும் இடையே விடப்படும் இடைவெளியை மனத்தால் நிரப்பும் பயிற்சி சித்திரக்கதையில் கிடைக்கிறது. அதைப் பறித்துவிட்டு வேறொன்றைக் கையில் திணிப்பது பயன் தராது.

அவனுடைய ஆர்வத்தின் வழியாகவே மேலே செல்லுங்கள். தமிழ்நாடு அறிவியல் இயக்கம் வெளியிடும் ‘துளிர்’ இதழை அவன் பெயருக்கு வரவழைத்துக் கொடுங்கள். தன் பெயரில் அஞ்சல் வருவது பதினொரு வயதில் சிறிய செய்தியன்று. பெ. தூரனை முதன்மைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1968 முதல் 1976 வரை பத்துத் தொகுதிகளாக வெளிவந்த ‘குழந்தைகள் கலைக்களஞ்சியம்’ தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதற்குப் பின் அறிவியல் வெகுதூரம் வந்துவிட்டது. புளூட்டோ கோள்களின் வரிசையிலிருந்து நீக்கப்பட்டதே 2006இல்தான். பழைய நூலில் உள்ள எது இன்று மாறியிருக்கிறது என்று கண்டுபிடிக்கச் சொன்னால் அவன் விரும்பிச் செய்வான். விலங்குகளில் ஆர்வம் நிலைத்துவிட்டால், கி. ராஜநாராயணன் எழுதிய ‘பிஞ்சுகள்’ என்ற சிறிய நாவலைக் கொடுத்துப் பாருங்கள். கரிசல் காட்டில் பறவைகளின் பின்னால் அலையும் ஒரு சிறுவனின் கதை அது. வட்டாரச் சொற்கள் சில புரியாவிட்டால் நீங்கள் உடனிருந்து விளக்கலாம். இன்னும் சில ஆண்டுகள் கழித்து, மா. கிருஷ்ணனின் ‘மழைக்காலமும் குயிலோசையும்’ தொகுப்பிலிருந்து ஒவ்வொரு கட்டுரையாகப் படிக்கலாம். நல்ல உரைநடை எப்படி இருக்கும் என்பதை அணிலையும் காக்கையையும் பார்த்துக்கொண்டே அவன் கற்றுக்கொள்வான். இலக்கியம் என்று நீங்கள் கருதுவதற்கு அவன் இப்படி வந்து சேரக்கூடும், வராவிட்டாலும் குறையில்லை.

கேள்வி (சேலம்): குழந்தைகளுக்கான கதையில் நீதி இருக்க வேண்டும் அல்லவா? இப்போது வரும் பல நூல்களில் முடிவில் நீதியே காணப்படவில்லையே?

பதில்: கதை முடிந்த பிறகு தனி வரியில் அச்சிடப்படும் நீதியை நான் சிபாரிசு செய்வதில்லை. முயலும் ஆமையும் ஓடிய கதையைக் கேட்ட குழந்தை, முயல் ஏன் தூங்கியது, ஆமை ஏன் அதை எழுப்பவில்லை என்று கேட்கத் தொடங்கும் நேரத்தில், ‘முயற்சி திருவினையாக்கும்’ என்ற வரி வந்து கேள்வியை மூடிவிடுகிறது. கதைக்குள் நன்மையும் தீமையும் மோதட்டும், பாத்திரங்கள் தவறு செய்து வருந்தட்டும். எது சரி என்பதைக் குழந்தை தானே பேசி அறியட்டும். நூலை வாங்கும் முன் கடைசிப் பக்கத்தை மட்டும் படித்துப் பாருங்கள். அறிவுரையோடு முடியும் கதைகளே தொகுப்பு முழுவதும் இருந்தால், வேறொன்றை எடுங்கள்.

கேள்வி (தஞ்சாவூர்): என் வயது எழுபத்திரண்டு. பன்னிரண்டு வயதில் ‘பொன்னியின் செல்வன்’ ஐந்து பாகங்களையும் படித்து முடித்தவன் நான். அதே வயதில் இருக்கும் பேரனுக்கு ஐந்து பாகங்களையும் வாங்கிப் பரிசளித்தேன். மூன்றாம் அத்தியாயத்தோடு நிறுத்திவிட்டான். சுருக்கப் பதிப்பு வாங்கிக் கொடுக்கலாமா?

பதில்: ஐயா, தங்கள் வருத்தம் புரிகிறது. அந்த நாவல் 1950 முதல் 1954 வரை ‘கல்கி’ இதழில் வாரந்தோறும் வெளிவந்த தொடர்கதை என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும். ஒவ்வொரு அத்தியாயமும் ஏதேனும் ஓர் ஆவலில் முடியும். அந்த ஆவலோடு ஏழு நாள் காத்திருப்பதற்கென்றே அது கட்டப்பட்டது. ஐந்து தடித்த பாகங்களை ஒன்றாக மேசைமேல் பார்க்கும் சிறுவனுக்கு அந்தக் காத்திருப்பின் சுவை கிடைப்பதில்லை. முடிக்க வேண்டிய பக்கங்களின் சுமைதான் தெரிகிறது. மேலும், ஆடிப்பெருக்கன்று வீரநாராயண ஏரிக்கரையில் வந்தியத்தேவன் குதிரையில் வரும் அழகான தொடக்கத்துக்குப் பின் உடனடியாகச் சைவ வைணவ வாதமும், சிற்றரசர்களின் பெயர்களும், அரியணை உரிமையைப் பற்றிய செய்திகளும் அடுத்தடுத்து வருகின்றன. கடம்பூர் மாளிகையின் நள்ளிரவுக் கூட்டம்வரை வந்துவிட்டால் கதை அவனை இழுத்துச் சென்றுவிடும். அதுவரை அவனுக்கு ஒரு கை தேவை.

அந்தக் கையைத் தாங்களே கொடுக்கலாம். முதல் பாகத்தை மட்டும் வெளியே வைத்துக்கொண்டு, நாளுக்கு ஓர் அத்தியாயம் உரக்கப் படித்துக் காட்டுங்கள். அவன் கேட்டுக்கொண்டாலும் ஒன்றுக்கு மேல் படிக்காதீர்கள். தாங்கள் வாழும் ஊர் இதற்கு ஒரு பெரிய வசதி. கதையில் பழையாறை வரும்போது, கும்பகோணத்துக்கு அருகிலுள்ள அந்த ஊருக்கு ஒரு விடுமுறை நாளில் அவனை அழைத்துச் செல்லலாம். சுருக்கப் பதிப்பை நான் விரும்புவதில்லை. நிகழ்ச்சிகள் மட்டும் மிஞ்சி, கல்கியின் குரல் போய்விடுகிறது. அளவுதான் தடை என்றால், அதே ஆசிரியரின் ‘பார்த்திபன் கனவு’ முழுமையாகவே மிகச் சிறியது, கதையும் நேர்க்கோட்டில் செல்வது, அதிலிருந்து தொடங்கலாம். கல்கியின் படைப்புகள் நாட்டுடைமையாக்கப்பட்டுவிட்டதால் பலர் பதிப்பிக்கிறார்கள்; மலிவுப் பதிப்புகள் சிலவற்றில் எழுத்து மிகப் பொடியாக இருக்கிறது. பரிசளித்த பிரதியில் எழுத்தின் அளவையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கேள்வி (பெங்களூரு): பிள்ளைகள் இருவரும் வீட்டில் நன்றாகத் தமிழ் பேசுகிறார்கள்; பள்ளியில் ஆங்கிலமும் கன்னடமும் இந்தியும் படிக்கிறார்கள். தமிழ் எழுத்து தெரியாது. எட்டு வயது மகள் ஆங்கிலத்தில் பெரிய நாவல்களைப் படிக்கிறாள். அவளுக்குத் தமிழ் நூல் எதை வாங்குவது?

பதில்: ஆங்கிலத்தில் நாவல் படிப்பவளுக்குத் தமிழில் அரிச்சுவடியை நீட்டினால் அவள் அதைத் தண்டனையாகவே கொள்வாள். முதலில் காதுக்குக் கொடுங்கள். அவள் வயதுக்குரிய தமிழ்ச் சிறார் நாவல் ஒன்றை நீங்களோ தாத்தா பாட்டியோ நாள்தோறும் சிறிது படித்துக் காட்டினால், தமிழிலும் தன்னை ஈர்க்கும் கதைகள் உண்டு என்ற நம்பிக்கை அவளுக்கு ஏற்படும். எழுத்தைக் கற்கும் விருப்பம் பெரும்பாலும் அதன் பின்னரே பிறக்கிறது.

எழுத்துக்கு இருமொழிப் படப் புத்தகங்கள் ஏற்றவை. சென்னையிலுள்ள தூலிகா பதிப்பகம் 1996 முதல் பல இந்திய மொழிகளில் சிறார் நூல்களை வெளியிட்டு வருகிறது. தமிழும் ஆங்கிலமும் ஒரே பக்கத்தில் அமைந்த நூல்கள் அவற்றில் உண்டு. ஆங்கில வரியைப் படித்துப் பொருளை அறிந்த பிறகு தமிழ் வரியைப் பார்க்கும் குழந்தைக்கு ஊகிக்கும் வாய்ப்புக் கிடைக்கிறது. பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் இணையதளத்தில் பல கதைகள் தமிழ், கன்னடம், இந்தி, ஆங்கிலம் ஆகிய நான்கிலும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. அவற்றைத் தரவிறக்கி அச்சிட்டுக்கொள்ளவும் உரிமை தரப்பட்டிருக்கிறது. பள்ளியில் கற்கும் கன்னடத்தில் ஒரு கதையைப் படித்துவிட்டு அதே படங்களோடு தமிழில் பார்க்கட்டும். இரண்டு மொழிகளுக்கும் பொதுவான சொற்கள் பல இருப்பதை அவளே கண்டு சொல்லும்போது, எழுத்துப் பயிற்சிக்கு நீங்கள் வற்புறுத்த வேண்டியிராது. இளையவருக்கும் இதே வழிதான். அவருக்கு இன்னும் அதிகமாகப் படித்துக் காட்டுங்கள், அவ்வளவே வேறுபாடு.

கேள்வி (நாகர்கோவில்): நான் ஐந்தாம் வகுப்பு படிக்கிறேன். ஒரு புத்தகம் பிடிக்கவில்லை என்றால் பாதியில் நிறுத்தலாமா? தொடங்கியதை முடிக்க வேண்டும் என்று அம்மா சொல்கிறார்.

பதில்: நிறுத்தலாம் கண்ணே. பாடப் புத்தகத்துக்கு அம்மா சொல்வதுதான் சரி. உன் விருப்பத்துக்காகப் படிக்கும் கதைப் புத்தகத்துக்கு அந்த விதி தேவையில்லை. ஆனால் முதல் பக்கத்திலேயே முடிவு செய்துவிடாதே. சில கதைகள் மெல்லத்தான் சூடு பிடிக்கும். இருபது பக்கம்வரை பொறுத்துப் பார். அதன் பிறகும் பிடிக்கவில்லை என்றால் ஏன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு மூடி வை. அடுத்த ஆண்டு அதே புத்தகம் உனக்குப் பிடித்துப் போகவும் கூடும்.

கேள்வி (மதுரை): பதினைந்து வயது மகள் நூலகத்திலிருந்து பெரியவர்களுக்கான நாவல்களை எடுத்து வருகிறாள். சிலவற்றில் ஆண் பெண் உறவும் வன்முறையும் வெளிப்படையாக வருகின்றன. தடுப்பதா, விடுவதா என்று தெரியவில்லை.

பதில்: தடுத்தால் அவள் அந்த நூல்களை நிறுத்தமாட்டாள், உங்களிடம் சொல்வதை நிறுத்திவிடுவாள். இந்த வயதில் அதுவே பெரிய இழப்பு. நூலில் வருவதைவிட வெளிப்படையானவை கைப்பேசியில், எந்த விளக்கமும் இல்லாமல், அவள் வயதினருக்குக் கிடைக்கின்றன என்பதையும் எண்ணிப் பாருங்கள். நல்ல நாவலில் ஓர் உறவு எதிலிருந்து பிறந்தது, அதன் விளைவை யார் சுமந்தார்கள் என்பது எழுதப்பட்டிருக்கும். ஒரு வன்முறைக்குப் பின் எஞ்சும் மனிதர்கள் இருப்பார்கள். பதினைந்து வயதுப் பெண் அதை அறிந்துகொள்வதில் பிழை இல்லை. ஒரு நாவல் உங்களை உறுத்தினால், அதை நீங்களும் படித்துவிட்டு, ‘இந்த இடம் எனக்குப் பிடிக்கவில்லை, உனக்கு எப்படி இருந்தது?’ என்று கேளுங்கள். உங்கள் கருத்தைச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. படிக்காமல் சொல்வதுதான் எடுபடாது. இதற்கு ஒரு வரம்பும் உண்டு. கொடுமையை இன்பமாகக் காட்டுவதற்கென்றே எழுதப்பட்ட மலிவான நூல்கள் இருக்கின்றன. அவற்றை வேண்டாம் என்று காரணத்தோடு சொல்லுங்கள்.

கூடவே, இந்தப் பருவத்துக்கு ஏற்ற பெரிய நூல்களை அவள் பார்வையில் படும்படி வையுங்கள். உ.வே. சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’ அளவில் பெரிது. ஆனால் கல்வி ஒன்றையே நாடி ஊர் ஊராகச் சென்ற ஓர் இளைஞனின் ஏக்கமும் அவமானமும் மகிழ்ச்சியும் அதில் இருக்கின்றன. முழுவதும் கடினமாக இருந்தால், மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் அவர் பாடம் கேட்ட பகுதிகளை மட்டும் படிக்கலாம். கி. ராஜநாராயணனின் ‘கோபல்ல கிராமம்’, கேட்ட கதைகளே ஒரு நாவலாக விரிவதைக் காட்டும். அசோகமித்திரனின் ‘18வது அட்சக்கோடு’, நாட்டு விடுதலையை ஒட்டிய ஆண்டுகளில் செகந்திராபாத்தில் வளரும் ஒரு கல்லூரி மாணவனைப் பற்றியது. அதன் முடிவு கடுமையானது, படித்து முடித்த அன்று அவளோடு பேச நேரம் ஒதுக்குங்கள். இவற்றுக்கிடையே அவள் களைப்பாற விரும்பினால், ஜப்பானியச் சிறுமி ஒருத்தி ரயில் பெட்டிகளை வகுப்பறைகளாகக் கொண்ட பள்ளியில் படித்த அனுபவத்தைச் சொல்லும் ‘டோட்டோ-சான்’ நேஷனல் புக் டிரஸ்ட் வெளியீடாகத் தமிழில் கிடைக்கிறது. பத்து வயதினரும் படிக்கலாம். பதினைந்து வயதில் படித்தால், அந்தத் தலைமை ஆசிரியர் செய்தது எவ்வளவு அரியது என்பது கூடுதலாகப் புரியும்.

கேள்வி (திருவண்ணாமலை): அரசு நடுநிலைப் பள்ளி ஆசிரியை. ஆறு முதல் எட்டாம் வகுப்புவரை உள்ள மாணவர்களுக்காகச் சிறு நூலகம் அமைக்க முன்னாள் மாணவர்கள் பத்தாயிரம் ரூபாய் தந்திருக்கிறார்கள். எப்படித் தேர்ந்தெடுப்பது? இருக்கும் புத்தகங்கள் பீரோவில் பூட்டியே கிடக்கின்றன.

பதில்: முதலில் பீரோவைத் திறந்து, உள்ளே இருப்பவற்றைத் தரம் பிரியுங்கள். பழைய வழிகாட்டி நூல்கள், மேற்படிப்புப் பாட நூல்கள், யாரோ நன்கொடையாகக் கழித்துவிட்ட மாத இதழ்கள் ஆகியவற்றை வெளியேற்றினால்தான், மிஞ்சும் நல்ல நூல்கள் பிள்ளைகள் கண்ணில் படும். பிறகு புதியவற்றை வாங்குங்கள். ஆனால் முழுத் தொகையையும் ஒரே நாளில் செலவிட வேண்டாம். பாதியை இப்போதும், மீதியை ஆறு மாதம் கழித்தும் செலவிடுங்கள். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

சீர்காழியில் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழக நூலகத்தைக் கட்டியெழுப்பிய எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் நூலக அறிவியலுக்கு ஐந்து விதிகளை வகுத்தார். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் கிடைக்க வேண்டும் என்பதும், ஒவ்வொரு நூலும் தனக்குரிய வாசகரை அடைய வேண்டும் என்பதும் அவற்றில் இரண்டு. உங்கள் பட்டியலை இந்த இரண்டையும் வைத்துச் சரிபாருங்கள். ஆறாம் வகுப்பில் எழுத்துக் கூட்டிப் படிக்கும் பிள்ளைகள் இருப்பார்கள். அவர்களுக்குரிய மெல்லிய நூல்கள் பட்டியலில் மூன்றில் ஒரு பங்கேனும் இருக்க வேண்டும். ஆசிரியர்கள் பட்டியலிடும்போது பெரும்பாலும் தலைவர்களின் வரலாறும் நீதிக்கதைகளும் அளவுக்கு மீறி இடம்பெற்றுவிடுகின்றன. விடுகதை, சித்திரக்கதை, எளிய அறிவியல் சோதனைகள், விளையாட்டு, நாடகம், துப்பறியும் கதை, பேய்க்கதை ஆகியவையும் இருக்கட்டும். பெண் பிள்ளைகள் முன்நின்று செயல்படும் கதைகள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். அவற்றை மாணவிகளுக்கென ஒதுக்காமல் மாணவர்களும் எடுத்துப் படிக்கும்படி செய்யுங்கள்.

சமகாலத் தமிழ்ச் சிறார் நூல்களை அறிய, சாகித்திய அகாதெமி 2010 முதல் வழங்கிவரும் பால சாகித்திய விருதுப் பட்டியல் ஒரு நல்ல தொடக்கம். இரா. நடராசனின் ‘விஞ்ஞான விக்கிரமாதித்தன் கதைகள்’ அறிவியலில் நாட்டமுள்ள ஏழாம் வகுப்பினருக்குப் பொருந்தும். உதயசங்கரின் ‘ஆதனின் பொம்மை’ கீழடியைக் களமாகக் கொண்டது; வரலாற்றுப் பாடத்தோடு சேர்த்துப் படிக்கலாம். யெஸ். பாலபாரதியின் ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’ குழந்தைகள் மீதான பாலியல் சீண்டலைப் பேசுகிறது. அதை அலமாரியில் வைப்பதற்கு முன் நீங்களும் பிற ஆசிரியர்களும் படித்துவிடுங்கள். படித்த குழந்தை உங்களிடம் ஏதேனும் சொல்ல வந்தால், கேட்பதற்கு ஒருவர் ஆயத்தமாக இருக்க வேண்டும். அரசின் ‘தேன்சிட்டு’ இதழ் உங்கள் பள்ளிக்கு வருகிறது என்றால், பழைய பிரதிகளையும் சேர்த்துத் தைத்து அலமாரியில் வைக்கலாம்.

மாவட்டத்தில் புத்தகத் திருவிழா நடக்கும்போது, வகுப்புக்கு இரண்டு மாணவர்களைத் தேர்ந்தெடுத்து, ஆளுக்கு ஒரு சிறு தொகையைப் பொறுப்பாகக் கொடுத்து, வகுப்புக்காக அவர்களையே வாங்கச் சொல்லுங்கள். அவர்கள் தேர்வு உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம், மாற்ற வேண்டாம். அதிகம் விரும்பப்படும் நூல்களில் இரண்டு மூன்று படிகள் வைத்திருப்பது நல்லது. நண்பர்கள் ஒரே சமயத்தில் ஒரே கதையைப் படிக்கும்போது பேச்சு பிறக்கிறது.

பீரோவுக்குப் பதிலாக, வகுப்பறையில் கயிறு கட்டி நூல்களைத் தொங்கவிடுங்கள், அல்லது அட்டை தெரியும்படி திறந்த தட்டில் வையுங்கள். கிழியும், சில காணாமலும் போகும். அதற்காக மாணவர்களிடம் பணம் வாங்குவதில்லை என்பதைத் தலைமை ஆசிரியரோடு பேசி முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள். அபராதத்துக்கு அஞ்சும் குழந்தை நூலைத் தொடவே தயங்கும். எட்டாம் வகுப்பு மாணவர் இருவர் பதிவேட்டைப் பார்த்துக்கொள்ளட்டும். அதில் பெயர், எடுத்த நாள், திருப்பிய நாள் ஆகியவற்றோடு, ‘முடித்தேன்’, ‘பாதியில் நிறுத்தினேன்’ என்று இரண்டு கட்டங்கள் இருக்கட்டும். நிறுத்தியவரைக் குறைசொல்ல வேண்டாம். ஆறு மாதம் கழித்து அந்தக் கட்டங்களைப் பார்த்தால், உங்கள் பிள்ளைகள் எவற்றை விரும்பினார்கள், எந்த நூல்கள் அவர்களுக்குக் கடினமாக இருந்தன, யாருக்குரிய புத்தகம் இன்னும் அலமாரியில் இல்லை என்பது தெரிந்துவிடும். எடுத்து வைத்திருக்கும் மீதி ஐயாயிரம் ரூபாயை அதைப் பார்த்துச் செலவிடுங்கள்.